இருபத்தொரு நாள் இரத்தம்

வலது தோளில் வலி இல்லாமல் எழுந்த நாள் அவனுக்கு நினைவில் இல்லை. பதினெட்டு வருடமாகச் சிமெண்டு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மூட்டை வந்து உட்காரும் இடத்தில் தோல் காய்த்துப்போய், குளிக்கும்போது சோப்பு அங்கே மட்டும் வழுக்காமல் நிற்கும். அந்தத் திங்கட்கிழமை காலையில் வலி பாதியாகக் குறைந்திருந்தது. மூன்று நாளாக அவன் மூட்டை தூக்கவில்லை. வலி குறையக் குறைய அவனுக்குப் பயம் கூடிற்று.

மூன்று நாளைக்கு முன் மேஸ்திரி அவனைக் கூப்பிட்டு ஒரு சிவப்பு அட்டையைக் கையில் கொடுத்தார். 'நெகிழ்வு எண்: 23. பாரம் தூக்கத் தகுதியற்றவர்' என்று அதில் அச்சடித்திருந்தது. அட்டை வந்த நேரத்தில் அவன் தோளில் ஐம்பது கிலோ இருந்தது. அட்டையை வாங்குவதற்காக மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

இரத்த அணு நெகிழ்வுச் சான்றகம் திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஜனங்களுக்கு அது ரத்த ஆபீஸ். விஷயம் எளிமையானதுதான், அதைக் கண்டுபிடித்தவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்பில் ஓடும் சிவப்பணு மெத்தென்று இருக்கவேண்டும். தன்னைவிட ஒடுங்கிய நாளத்துக்குள் நசுங்கி, நீண்டு, நுழைந்து, அந்தப் பக்கம் போனதும் பழைய உருவத்துக்கு வரவேண்டும். சில நோய்களில் அது விறைத்துப்போகும். ஆகவே ஒரு சொட்டு இரத்தத்தை முடியைவிட மெல்லிய கால்வாயில் தள்ளி, ஒவ்வொரு அணுவும் எவ்வளவு நீளுகிறது என்று காமிரா வைத்து அளந்தால், ஆள் படுக்கையில் விழுவதற்கு முன்பே நோயின் வாடை தெரிந்துவிடும். நல்ல இயந்திரம். அதைச் சுற்றி ஒரு அலுவலகம் கட்டியதிலிருந்துதான் கதை.

நாற்பதுக்கு மேல் பச்சை அட்டை. கீழே சிவப்பு. சிவப்பு அட்டைக்காரனை வேலைக்கு வைத்தால் கிடங்குக்குப் பூட்டு. வேலை செய்கிற நூறு பேரில் தொண்ணூற்றொரு பேருக்குச் சிவப்பு வந்தது. அவர்கள் இடத்துக்கு இன்னும் சோதனைக்கே போகாத புது ஆட்கள் வந்தார்கள். சோதனைக்குப் போனதும் அவர்களுக்கும் சிவப்பு வந்தது.

கிடங்கில் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. ஒருவன் மூட்டையை ஏற்றிவிடுவான், மற்றவன் சுமப்பான், பாதி நாளில் மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கு அறுபது மூட்டை. ஜோடி வராவிட்டால், மிஞ்சியவன் இரண்டு பேர் பங்கையும் தூக்கலாம். தூக்கினால் வராதவனுடைய இடம் அப்படியே இருக்கும். தூக்காவிட்டால் மறுநாள் அங்கே வேறு ஆள் நிற்பான். அப்படித் தூக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் கிடங்குத் தூணில் ஒரு சுண்ணாம்புக் கோடு. வராதவன் திரும்பி வந்து, கோட்டுக்கு ஒன்றாக மூட்டை தூக்கித் தன் ஜோடிக்குத் தீர்க்கவேண்டும். காசாகத் தீர்ப்பது கிடையாது. அப்படிக் கேட்டவனும் இல்லை, கொடுத்தவனும் இல்லை.

அவனுடைய ஜோடி அவன் மனைவியின் அண்ணன். மச்சான் பச்சை அட்டைக்காரர், எண் ஐம்பத்தெட்டு. ரத்த ஆபீஸ் திறப்பு விழாவன்று வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு தொழிலாளியை உட்காரவைத்து இரத்தம் எடுத்து அப்போதே அளந்து காட்ட ஆள் தேடினார்கள். மச்சான் அந்த வழியாகப் பீடி வாங்கப் போனவர். எல்லோரும் கைதட்டினார்கள். அட்டை மூன்று வருடத்துக்குச் செல்லும்.

"படுத்துக் கிடங்க மாப்ள," என்றார் மச்சான். "உங்க ரத்தம் இளகி வர்ற வரைக்கும் நான் தூக்கறேன். நம்ம ரத்தத்துக்குக் கைதட்டியிருக்காங்க, தெரியுமில்ல?"

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணன் முதுகு என்ன, உங்கப்பா வாங்கிப் போட்ட வண்டியா? சீக்கிரம் போய் அந்த அட்டையை மாத்திக்கிட்டு வாங்க."

போனான்.

ரத்த ஆபீஸில் ஏழு ஜன்னல். மறுசோதனைக்கு மூன்றாம் ஜன்னல். அங்கே இருந்த குமாஸ்தா முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துப் பேசுகிறவர். பதினான்கு பக்கம் படிவம் கொடுத்தார். இந்த இரத்தம் என்னுடையதே, வேறு யாரிடமும் இரவல் வாங்கியதல்ல என்று ஒரு உறுதிமொழி. என் அணுக்கள் யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சோதனைக்கு உட்படுகின்றன என்று ஒன்று. அணுக்களின் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் யோசித்து, வீட்டு முகவரியை எழுதினான். குமாஸ்தா அதை அடித்துவிட்டு 'மேற்படி நபர்' என்று எழுதச் சொன்னார். மேற்படி நபருக்கு முகவரி எங்கே என்று கேட்டதற்கு, அது ஐந்தாம் ஜன்னல் என்றார்.

இரத்தம் எடுத்த அம்மாள் ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் தேதி எழுதி ஒட்டி உள்ளே அனுப்பினாள். முடிவு எப்போது வரும் என்று கேட்டான். கோப்பு பதினொரு கையெழுத்து வாங்கி வந்ததும் குழாய் இயந்திரத்துக்குப் போகும் என்றாள். கோப்பு நல்லபடியாகப் போய் வர வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அவள் கேலி செய்கிறாளா என்று பார்த்தான். இல்லை.

இதற்கிடையில் ஒன்று விட்டுப்போயிற்று என்று ஆள் அனுப்பினார்கள். மறுசோதனைக்காரர்கள் மூன்று நாள் நெகிழ்வு முகாமுக்கு வந்த சான்றும் கோப்பில் இருக்கவேண்டுமாம். முகாமை நடத்தியவர் ஒரு ஆலோசகர். மெல்லிய விரல்கள். தன் பெட்டியை மாடிக்குக் கொண்டுவர ஆள் இல்லை என்று முதல் நாள் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கினார். கடைசியில் சிவப்பு அட்டைக்காரன் ஒருவன்தான் அதைத் தூக்கி வந்தான். நாற்பது சுமைக்காரர்களையும் தரையில் படுக்கவைத்து, கண்ணை மூடி, நீங்கள் ஒரு சிவப்பணு, இப்போது ஒரு ஒடுக்கமான நாளத்துக்குள் நுழைகிறீர்கள் என்று நினைக்கச் சொன்னார். எதிர்க்கக் கூடாது என்றார். வருடக்கணக்காகப் பகல் நேரத்தில் படுத்துப் பழக்கமில்லாத ஆட்கள். பத்து நிமிடத்தில் அறை முழுக்கக் குறட்டை. ஆலோசகர் அதை ஆழ்ந்த நெகிழ்வு என்று குறித்துக்கொண்டார்.

முகாம் சான்று சேர்ந்ததால் கோப்பு மேலும் நான்கு மேஜை சுற்றியது. குழாய் கொடுத்த பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. பத்தொன்பது.

"போன தடவை இருபத்து மூணு இருந்துச்சே," என்றான் ஜன்னலில்.

"இறங்கிட்டிருக்கு," என்றார் குமாஸ்தா. "இனிமேலாவது உடம்பைப் பாத்துக்கங்க."

மறுபடி பதினான்கு பக்கம். மறுபடி ஒரு குழாய்.

தூணில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கிடங்குக்குப் போய் மச்சானைக் கூட்டிவருவது அவன் வழக்கமாயிற்று. முதல் வாரம் மச்சான் கிண்டல் பேசிக்கொண்டு வருவார். மூன்றாம் வாரம் பேச்சு நின்றது. பாதி வழியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்ணில் வெள்ளை இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்ததை முதலில் கண்டது மனைவிதான். அண்ணனை விளக்கடியில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் ஜன்னலுக்குப் போனான். இவருக்கும் ஒரு தடவை அளந்து பாருங்கள் என்று கேட்டான். குமாஸ்தா பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வருடம் செல்லுகிற அட்டை. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. செல்லுகிற அட்டை உள்ளவர் மறுசோதனை கேட்டால், ஆபீஸ் கொடுத்த எண்ணைச் சந்தேகிப்பதாக ஆகும். அதற்குப் படிவம் இல்லை என்றார்.

"கண்ணு மஞ்சளா இருக்குங்க."

"கண்ணுக்கு நாங்க அட்டை கொடுக்கறதில்ல."

மச்சான்தான் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நின்றால் அரை நாள் போய்விடும் என்றார்.

அவன் வேலை நின்ற இருபத்து நான்காம் நாள் ரத்த ஆபீஸ் பரபரப்பாக இருந்தது. மறுநாள் இயக்குநர் பார்வையிட வருகிறார். குழாய் அறைக்கு வண்ணம் அடிக்க அலமாரிகளை நகர்த்தவேண்டும். ஆள் இல்லை. குமாஸ்தா வரிசையை ஒரு பார்வை பார்த்து, திடகாத்திரமாக இருந்த ஆறு சிவப்பு அட்டைக்காரர்களை உள்ளே கூப்பிட்டார். முதலில் ஒரு தாளில் கையெழுத்து: தகுதியற்றவர் பாரம் தூக்கத் தற்காலிக அனுமதி, இரண்டு மணி நேரம் மட்டும். அவன் இரும்பு அலமாரி ஒன்றைத் தனியாக முதுகில் சாய்த்துக்கொண்டு நடந்தான். மெதுவாய்ப் போங்கள், உங்களுக்கு எண் பத்தொன்பதுதான் என்று குமாஸ்தா பின்னாலிருந்து எச்சரித்தார்.

திரும்பி வந்தபோதுதான் குழாய்களைப் பார்த்தான். சுவர் நீளத்துக்கு மரத் தட்டுகள். தட்டு நிறைய ஊதா மூடிகள். மேற்கு ஜன்னல் வழியே வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. மூலையில் ஒரு குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து ஒரு ஊழியர் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

கிடங்கில் சேருகிறவன் முதல் நாளில் கற்பது ஒன்றுதான்: மூட்டையில் தேதியைப் பார். பழையதை முன்னால் வை, புதியதைப் பின்னால் தள்ளு. மாற்றி அடுக்கினால் பின்னால் கிடப்பது கல்லாகிவிடும். எவ்வளவு நல்ல சிமெண்டானாலும் சரி. அவன் கண் தானாகத் தேதிக்குப் போயிற்று. முன் வரிசையில் இன்றைய குழாய்கள். அதற்குப் பின்னால் நேற்று. கையை விட்டுத் துழாவினான். கடைசி வரிசையில் சுவரை ஒட்டி, பதினேழு நாள் பழைய குழாய் ஒன்று கோப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவனுடையது எட்டு நாள் பழையதாக நடுவில் நின்றது.

பக்கத்து அறையில் இயந்திரத்தை ஓட்டுகிற பெண் இருந்தாள். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அவளிடம் போய்க் கேட்டான்.

"ஏம்மா, இது வெச்சிருந்தா கெட்டியாகுமா?"

அவள் கதவைப் பார்த்தாள். "ஆகும்ணே. வெளியே ரெண்டு நாள் இருந்தாலே ஆக ஆரம்பிச்சிரும்."

"அப்ப நீங்க அளக்கறது?"

"எனக்கு வர்ற குழாயை நான் ஓட்டறேன். வரும்போதே அப்படித்தான் வருது. ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். ரெண்டாவது தடவை எழுதினதுக்கு என்னை விளக்கம் கேட்டாங்க."

அவன் நகராமல் நின்றான். அவளே அவன் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஓடவிட்டாள். திரையில் சாம்பல் நிறக் கால்வாய் ஒன்று. அதில் ஒவ்வொன்றாக அவனுடைய அணுக்கள் வந்தன. ஒடுக்கத்துக்குள் நுழையும்போது துளி போல நீண்டு, மறுபக்கம் போய் வட்டமாகி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. தன் உடம்புக்குள் இவ்வளவு பணிவான வேலை நடக்கிறது என்று அவனுக்கு இதுவரை தெரியாது. மூலையில் எண் வந்தது: 54.

"அதை ஒரு தாள்ல எடுத்துக் கொடும்மா."

"குழாய் எண் போட்டாத்தான் தாள் வரும்ணே. இது குழாய்ல வராத ரத்தம். இப்படி ஒண்ணு நடக்கவே இல்லை." திரையை அணைத்தாள்.

மறுநாள் இயக்குநர் வந்தார். புது வண்ணத்தின் வாடை அடித்த குழாய் அறையில் நாற்காலி போட்டு, அவருடைய இரத்தத்தை எடுத்து, நான்கு நிமிடத்தில் அளந்து, அறுபத்தொன்று என்று அறிவித்தார்கள். அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு பேசினார். உழைப்பாளியின் உடல் நாட்டின் சொத்து என்றார். ஒரு வருடத்துக்கு முன்னால் இந்த மக்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தது, காலையில் எழுந்து நேராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று வருத்தப்பட்டார். இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்குள் நூறையும் எட்டவேண்டும் என்றார்.

கேள்வி உண்டா என்று வழக்கப்படி கேட்டார்கள். வழக்கப்படி யாரும் கேட்பதில்லை. அவன் கையைத் தூக்கினான். பெண் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. கிடங்கில் மூட்டை கல்லாகிற விஷயத்தை மட்டும் சொன்னான். வெயில் படுகிற இடத்தைக் காட்டினான். தட்டின் பின் வரிசையிலிருந்து பதினெட்டு நாள் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தான். எடுத்த அன்றைக்கே அளந்தால் என்ன என்று கேட்டான்.

இயக்குநர் கோபப்படவில்லை. குழாயைக் கையில் எடுத்து அக்கறையோடு பார்த்தார்.

"மிக நுட்பமான கவனிப்பு. இவருக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே அளந்தால் பெரும்பாலோருக்கு நாற்பதுக்கு மேல் வந்துவிடும். வந்தால் மறுசோதனை கிடையாது, முகாம் கிடையாது, இந்தக் கட்டடத்தில் முந்நூறு பேருக்கு வேலை கிடையாது. எல்லோரும் நலம் என்று சொல்வதற்கு யாராவது ஒரு அலுவலகத்தை நடத்துவார்களா? அதோடு, கோப்பு என்பது மனிதர்கள் நகர்த்துவது. அதை அவசரப்படுத்தினால் தவறு நேரும். மக்கள் உயிரோடு விளையாட எனக்கு உரிமை இல்லை."

பிறகு தன் அறுபத்தொன்றைப் பற்றி யாரும் கேட்காமலே சொன்னார்: அது சோதனை அல்ல, செயல்விளக்கம்.

ஒரு குழு போட்டார்கள். ஐந்து நாளில் அறிக்கை வந்தது. அந்த ஆபீஸில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. சிலருடைய குழாய் ஒன்பது நாளும் சிலருடையது பதினெட்டு நாளும் காத்திருப்பது அநீதி என்று குழு ஏகமனதாகக் கண்டது. இனி ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாக் குழாயும் சரியாக இருபத்தொரு நாள் வைக்கப்பட்டு, இருபத்திரண்டாம் நாள் அளக்கப்படும். இந்தச் சீர்திருத்தத்துக்குக் காரணமான தொழிலாளிக்கு ஒரு பாராட்டுக் கடிதம். அதில் அவன் எண்ணையும் குறிப்பிட்டிருந்தார்கள், பத்தொன்பது என்று. நடு வரிசையில் இருந்த அவன் குழாயையும் புது விதிப்படி வைத்திருந்தார்கள். இயந்திரம் ஓட்டிய பெண்ணை ஐந்தாம் ஜன்னலுக்கு மாற்றினார்கள்.

கடிதத்தை மனைவி வாங்கிப் படித்தாள். மடித்து அவன் சட்டைப்பையில் திருப்பி வைத்தாள்.

"இதைக் கொண்டுபோய் எங்கண்ணன் முதுகுக்கு அடியில வைங்க," என்றாள்.

அன்றைக்கே அவன் கிடங்குக்குப் போய் மச்சானிடம், விட்டுவிடுங்கள், இடம் போனால் போகட்டும் என்றான். மச்சான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக் கோடுகள் அவர் தலைக்கு மேலே போயிருந்தன.

"இத்தனை கோடு போட்டப்புறம் விட்டா, இது யாருக்கு மாப்ள ஆகும்?" என்றார். "மூணு வருஷத்துக்கு எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்களை மாதிரியா?"

மேஸ்திரிக்கும் அவர் மஞ்சள் கண் தெரியாமலில்லை. பச்சை அட்டைக்காரனுக்கு லீவு கொடுக்க அவருக்கு வழியில்லை. உடம்பு சரியில்லை என்று பச்சை அட்டைக்காரன் சொன்னால் அது வேலைக்கு வராமலிருக்கப் பொய் சொல்வதாகும் என்று ரத்த ஆபீஸ் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

முப்பத்தைந்தாம் நாள், அன்றைய பங்கின் கடைசி மூட்டையை லாரிப் பலகையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மச்சான் விழுந்தார். மூட்டை மேலே விழவில்லை. கால் மடிந்து, துணி கழன்று விழுவதுபோல விழுந்தார். கடைசிக் கோட்டை மேஸ்திரிதான் போட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அட்டை கேட்கவில்லை. இரத்தம் எடுத்து, நடந்தே கொண்டுபோய், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். அவர்களிடமும் அதே மாதிரி ஒரு இயந்திரம் இருந்தது, பழைய மாதிரி, சின்னது. சிவப்பணுக்கள் நிஜமாகவே விறைத்துப்போயிருக்கின்றன, மண்ணீரலில் மாட்டி உடைந்துகொண்டே இருக்கின்றன என்றார். எண் பதினேழு. இது நேற்று வந்ததல்ல, மெதுவாக ஏறியிருக்கிறது என்றார்.

"ஒரு மாசம் முன்னாடி ஒரு சொட்டு எடுத்துப் பாத்திருந்தா, மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம். யாருமே பாக்கலையா?"

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பாராட்டுக் கடிதம் இருந்தது.

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். இனி பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். மறுநாள் மச்சான் கண் விழித்து முதலில் கேட்டது கோட்டைத்தான். அறுபது வீதம் முப்பத்தைந்து நாள். அவன் கூட்டிச் சொன்னான். மச்சானின் உதடு காய்ந்திருந்தது. இருந்தும் சிரித்தார்.

"கணக்கா எனக்குத் தூக்கிக் கொடுத்துருங்க மாப்ள. அதுவரைக்கும் என் இடம் நிக்கும். என் பையன் காலேஜ்ல கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கறவரைக்காவது நிக்கட்டும்."

அவன் தலையாட்டினான். அவன் கையில் இருந்தது சிவப்பு அட்டை. தூக்க முடியாதவன் ஜோடியின் இடத்தையும் தாங்க முடியாது. இரண்டு இடத்துக்கும் மேஸ்திரி திங்கட்கிழமைவரை பொறுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை இரண்டு புது ஆட்கள் வந்தார்கள். தூணை மட்டும் யாரும் துடைக்கவில்லை. அவனும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நடு வரிசைக் குழாயின் முடிவு வந்தது. பதினொன்று. அவன் மூன்றாம் ஜன்னலில் நின்று பதினான்கு பக்கத்தையும் நிரப்பினான். இப்போது அவனுக்கு எல்லாக் கட்டமும் பழகிவிட்டது. அணுக்களின் நிரந்தர முகவரியில் கேட்காமலே 'மேற்படி நபர்' என்று எழுதினான். ஊதா மூடி போட்டு, தேதி எழுதி, குழாய் உள்ளே போயிற்று. இருபத்திரண்டாம் நாள் வாருங்கள் என்றார் குமாஸ்தா.

வெளியே வந்தான். வலது தோளில் வலி சுத்தமாக இல்லை.

மச்சானுக்கு அவன் தூக்கிக் கொடுக்கவேண்டியது இரண்டாயிரத்து நூறு மூட்டை. அதில் ஒன்றுகூட இன்னும் தூக்கவில்லை.